தூளி நின்றதும் அழுகிற பிள்ளை

இரவு மணி ஒன்றரை. ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து லயம் அடங்கிக் கிடக்கிறது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் மங்கலாக வெளிச்சம். உத்தரத்திலிருந்து தொங்கும் தூளி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஆட்டுகிற கைக்குப் பாதித் தூக்கம். கை நின்றதும் ‘வீல்’ என்று ஒரு சத்தம்! மறுபடியும் ஆட்டம்.

“அத்தை, நீங்க கொஞ்ச நேரம் ஆட்டுங்களேன். எனக்குக் கண்ணு சொருகுது.”

“நான் ஆட்டுனா நிக்க மாட்டேங்குதே, ஆயி! ஒன் கையைத்தான் தேடுது.”

வீட்டுக்காரர் புரண்டு படுக்கிறார். அவருக்கு விடிந்தால் குலை வெட்டு. அவளுக்கோ இன்னும் பதினொரு நாளில் பிரசவ விடுப்பு முடிகிறது. அதற்குப் பிறகு ஐந்தரை மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டும்.

இது எந்த வீடு என்று கேட்காதீர்கள். கைப்பிள்ளை இருக்கிற வீடெல்லாம் இதே வீடுதான். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டவர்கள் உத்தரத்துக்குப் பதில் ஸ்பிரிங் தொட்டில் வாங்கியிருப்பார்கள். காசு உள்ளவர்கள் மின்சாரத் தொட்டில் வாங்கியிருப்பார்கள். ஆட்டம் மட்டும் ஓயவில்லை.

தாய்க்குத் தூக்கம் கெட்டால் கெடட்டும், பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவள் மறுநாள் போகிற இடம் எது? உரமூட்டை தூக்குகிற இடம். குலை வெட்டுகிறவனுக்குப் பின்னால் நின்று உதிரிப் பழம் பொறுக்குகிற இடம். மேலே பார்க்காமல் ஒரு நொடி அசந்தால், பதினைந்து இருபது கிலோ குலை தலைமேல் விழும். இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு அங்கே போய் நிற்பது விளையாட்டான காரியமா? பிள்ளை தானாகத் தூங்கப் பழகுவது நம் சனத்துக்குச் சொகுசுப் பேச்சு அல்ல. பிழைப்போடு ஒட்டிய பேச்சு.

முதலில் அந்த விடுப்புக் கணக்கைப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. 98 நாள் என்றால் சரியாகப் பதினான்கு வாரம். பிள்ளைக்கு மூன்று மாதம் நிறைகிற சமயத்தில் தாய் வேலைக்குத் திரும்புகிறாள். பிள்ளையின் உடம்புக்குள் இரவு, பகல் என்ற கணக்கு ஓர் ஒழுங்குக்கு வரத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான்! அதற்கு முன்னால் பிள்ளைக்கு ராத்திரியும் ஒன்று, பகலும் ஒன்று. வயிறும் சிறிது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் கேட்டே தீரும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையைப் ‘பழக்குகிறேன்’ என்று யாரும் புறப்பட வேண்டாம். கேட்கும்போது பாலைக் கொடுங்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘கை சூடு பட்டுப் போச்சு, கெட்டுப் போச்சு’ என்பதெல்லாம் அந்த வயதுக்குப் பொருந்தாத பேச்சு.

சரி, பிள்ளை ஏன் நடு இரவில் விழிக்கிறது? நாமும் விழிக்கிறோம். நமக்கு ஞாபகம் இருப்பதில்லை, அவ்வளவுதான். தூக்கம் ஒரே இழுப்பாய் வருவதில்லை; ஆழமாய்ப் போய், மேலே வந்து, மறுபடி ஆழமாய்ப் போகிறது. பெரியவர்களுக்கு இந்தச் சுற்று சுமார் ஒன்றரை மணி நேரம். கைப்பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை லேசாய்க் கண் திறக்கும். அப்போது என்ன தேடும்? தூங்கும்போது எது இருந்ததோ, அதைத் தேடும். நீங்கள் கட்டிலில் படுத்துத் தூங்கி, நடுவில் முழித்துப் பார்க்கும்போது வாசல் திண்ணையில் கிடந்தால் எப்படி இருக்கும்? ‘ஐயோ!’ என்று எழுந்துவிட மாட்டீர்களா? ஆடுகிற தூளியில் தூங்கிய பிள்ளை ஆடாத தூளியில் முழித்தால், அதற்கும் அதே அதிர்ச்சிதான். அது அடம் இல்லை. காணாமல் போனதைக் கேட்கிறது.

வைத்தியம் இதிலேயே இருக்கிறது. தூங்குகிற கடைசி நிமிடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. பிள்ளை கண் சொருகி வரும்போது, ஆனால் முழுக்கத் தூங்கிவிடாமல் இருக்கும்போது, கீழே கிடத்த வேண்டும். அந்தக் கடைசி அடியைப் பிள்ளையே நடந்து தூக்கத்துக்குள் போக வேண்டும். நடு இரவில் முழித்தாலும் அதே வழியில் திரும்பிப் போகத் தெரிந்துகொள்ளும். சொல்வது சுலபம், நான் அறிவேன். என் மூத்த பிள்ளையை ஒன்றேகால் வருடம் கால் கட்டைவிரலில் கயிறு கட்டித் தூளி ஆட்டி வளர்த்தவன் நான். கயிறு ஒரு பக்கம், கையில் பத்திரிகை ஒரு பக்கம். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிள்ளை என் கால்விரலுக்கு அடிமையாகிவிட்டது. நான் பிள்ளைக்கு அடிமையாகிவிட்டேன்.

மூன்று நான்கு மாதத்தில் மெல்ல ஆரம்பிக்கலாம். ஆறு மாதத்தில் கொஞ்சம் உறுதியாகச் செய்யலாம். முதலில் தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. நம் வீடுகளில் இது புதிதா என்ன? சாயந்திரம் எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துடைத்து, பால் கொடுத்து, தாலாட்டுப் பாடிக் கிடத்துவது நம் பாட்டிமார்கள் செய்தது. 2009-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 405 தாய்மார்களை வைத்துப் பார்த்தார்கள். குளியல், உடம்பு தடவுதல், அமைதியான நேரம் என்ற இந்த வரிசையை இரண்டு வாரம் தினமும் செய்ததில், பிள்ளைகள் விரைவாகத் தூங்கினார்கள். இரவில் குறைவாக விழித்தார்கள். தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது. நாம் விட்டது ஒன்றுதான், நேரம். தொலைக்காட்சித் தொடர் முடிகிற வரைக்கும் பிள்ளையும் மடியில் உட்கார்ந்திருக்கிறது! பதினேழு நாடுகளில் 29,000 பிள்ளைகளுக்கு மேல் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. மலேசியாவும் அதில் உண்டு. நியூசிலாந்துப் பிள்ளைகள் சராசரியாக ஏழரை மணிக்குப் படுக்கிறார்கள். ஹாங்காங் பிள்ளைகள் பத்தேகாலுக்கு. ஆசியப் பிள்ளைகள் பொதுவில் தாமதமாகப் படுக்கிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள். விடியற்காலையில் கிளம்புகிற தோட்டத்து வீட்டுக்கு எட்டு மணிப் படுக்கைதான் தோதானது. பிள்ளையையும் இருட்டிலேயே எழுப்பித்தானே ஆயாவிடம் கொண்டு போய் விடுகிறீர்கள்?

அடுத்தது தூளி. ஒரே நாளில் அவிழ்த்துப் போட வேண்டாம். முதல் இரண்டு மூன்று இரவு, வழக்கம்போல் ஆட்டி, கண் சொருகியதும் நிறுத்துங்கள். அழுதால் கையை மார்பில் வைத்து ‘உஷ்’ சொல்லுங்கள். தேவையானால் மறுபடி கொஞ்சம் ஆட்டி நிறுத்துங்கள். அதற்கடுத்த இரவுகளில் ஆட்டத்தைப் பாதியாக்குங்கள். பிறகு ஆட்டாத தூளி. அதற்கும் பிறகு தரையில் விரித்த படுக்கை. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து தட்டிக் கொடுங்கள். அப்புறம் தட்டாமல் சும்மா உட்காருங்கள். கடைசியில் அறை வாசலில். ஒரு வாரத்தில் சில பிள்ளைகளுக்குச் சரியாகும், சில பிள்ளைகளுக்கு மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் சளியோ பல் முளைப்போ வந்தால் இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முனகின உடனே பாய்ந்து தூக்காதீர்கள். தூக்கத்திலேயே பிள்ளை முனகும், நெளியும், சிரிக்கும். அது விழிப்பு அல்ல. தூங்குகிற பிள்ளையை நாமே எடுத்து எழுப்பிவிட்டு, ‘முழிச்சிக்கிச்சு’ என்கிறோம்! ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்.

பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு முறை சொன்னார். பிள்ளையைக் கிடத்திவிட்டு வெளியே வந்து, அழுதால் சில நிமிடம் பொறுத்துப் போய்ப் பார்ப்பது, அடுத்த தரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுப்பது. ‘ஐயோ, பிள்ளை மனசு உடைஞ்சிடாதா?’ என்ற கேள்வி அன்றிலிருந்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏழு மாத வயதில் தூக்கச் சிக்கல் இருந்த 326 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோருக்கு இப்படிப்பட்ட முறைகள் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஆறு வயதில் ஒப்பிட்டதில், கெடுதலும் தெரியவில்லை, நீடித்த நன்மையும் தெரியவில்லை என்று 2012-இல் அறிவித்தார்கள். ஆனால் அழவிட்டுப் பார்க்கிற முறை லயத்துக்கு ஒத்து வராது என்பது என் எண்ணம். நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் படுத்திருப்பவரும் விடியற்காலை எழுந்து வேலைக்குப் போகிறவர்தான். “என்னா, பிள்ளையை அழவுட்டுட்டு ரெண்டு பேரும் எங்க போனீங்க?” என்று கதவைத் தட்டுவார். மெல்ல மெல்ல ஆட்டத்தைக் குறைப்பதே நமக்குச் சரி. தொடங்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் பிள்ளை ஆறு மாதத்தில் விடிய விடியத் தூங்கவில்லை என்றால் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். கனடாவில் 2018-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதப் பிள்ளைகளில் நூற்றுக்கு 38 பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் நூற்றுக்கு 28 பேர் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியில் ஒரு குறையும் காணவில்லை. ‘எம் பேரன் ரெண்டு மாசத்துலயே விடிய விடியத் தூங்குனான்’ என்று கொல்லைப்புறத்தில் அளப்பவர்களைக் கண்டு ஏமாந்து போக வேண்டாம். நான் இரவுப் பாலை நிறுத்தச் சொல்லவும் இல்லை. வேலைக்குப் போகிற தாய்க்கு இரவுப் பால்தான் பால் வற்றாமல் காப்பது. பால் கொடுத்து, விழிப்பு முழுதும் போவதற்குள் கிடத்துங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தூளி நல்லதா கெட்டதா என்று கேட்டால், பகலில் கண்ணெதிரே இருக்கும்வரை நல்லது என்பேன். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு அது ஆபத்து. பிள்ளை குப்புற விழப் பழகிவிட்டால் தூளியை விட்டே ஆக வேண்டும். முகம் துணியில் அழுந்தும். தலை மார்பில் கவிழ்ந்தால் மூச்சு அடைக்கும். கொக்கி தேய்ந்து, முடிச்சு அவிழ்ந்து விழுந்து மண்டையில் அடிபடும். அண்ணன்காரன் ‘ரொக்கெட்’ விடுகிறேன் என்று வீசி ஆட்டுவதையும் பார்த்திருக்கிறோம். இரவுக்குச் சமமான, கெட்டியான படுக்கை. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கொசுவலை இருக்கட்டும். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம். உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். தண்ணி போட்டுவிட்டு வந்தவர் பக்கத்தில் கைப்பிள்ளையைப் படுக்க விடவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி!

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் போகிற தாய் பிள்ளையைத் தூங்க வைக்க மருந்தைத் தேடியது பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் அபின் கலந்த மருந்து பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டது. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு ஆலைக்குப் போனதை அரசாங்க அறிக்கைகளே எழுதி வைத்தன. அந்தத் தாய்மார்கள் கெட்டவர்களா? பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாதவர்கள். இன்று அபின் இல்லை. சளி மருந்து இருக்கிறது. ‘ஒரு கரண்டி குடுத்தா நல்லாத் தூங்கும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தூக்கம் வர வைக்கிற சளி மருந்து கைப்பிள்ளையின் மூச்சைத் தடுக்கக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஒரு சொட்டும் வேண்டாம். ஒரு வயது வரைக்கும் தேனும் நாக்கில் தடவாதீர்கள்.

பழக்கம் வேறு, உபாதை வேறு. இதை நம் ஜெஞ்சாரோம்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டது. அந்தக் குப்பையெல்லாம் இங்கே திரும்பியது. கோல லங்காட் வட்டாரத்தில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் ரகசியமாய் எரித்தார்கள். நடுச்சாமத்தில் கரிந்த நாற்றத்தில் ஊரே மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தது. சன்னலை அடைத்தால் புழுக்கம், திறந்தால் புகை. ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து இரவெல்லாம் சுற்றிப் படம் எடுத்துப் புகார் கொடுத்த பிறகுதான், அந்த ஆண்டின் நடுவில் அரசாங்கம் ஆலைகளை மூடத் தொடங்கியது. 2019-இலும் ஊரில் 17,000 டன் குப்பை கிடந்ததாகச் செய்தி வந்தது. அப்படிப்பட்ட ஓர் இரவில் இருமி இருமி அழுகிற பிள்ளையிடம் போய் ‘தானாகத் தூங்கப் பழகு’ என்றால் அது கொடுமை. புகை இல்லாத வீட்டிலும் முதலில் பாருங்கள்: தகரக் கூரை அனலா? கொசுவா? கொசுவர்த்திச் சுருளின் புகையா? அப்பா சிகரெட் புகையா? காய்ச்சல், காதைப் பிடித்து அழுகை, மூச்சு இழுப்பு, பால் குடிக்க மறுப்பு, எடை ஏறாமை, இவற்றில் ஏதாவது இருந்தால் பழக்கத்தை ஓரமாய் வைத்துவிட்டு, பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மிஸ்ஸியிடம் பிள்ளையின் அட்டையைக் காட்டுங்கள்.

இதில் அப்பாவுக்கு என்ன வேலை? 2023-இல் வந்த அதே திருத்தம் தகப்பனுக்கும் ஏழு நாள் சம்பள விடுப்பு கொடுத்திருக்கிறது. ஓராண்டு அதே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். முப்பது நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அதைக் குழந்தை பிறந்ததற்கு விருந்து வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள் பல பேர்! இரவில் ஒரு தரம் அப்பா எழுந்து பிள்ளையைத் தட்டிக் கொடுப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அவரிடம் பால் வாசனை இல்லை. தாய் பக்கத்தில் போனாலே பால் கேட்கிற பிள்ளை, அப்பா கையில் சீக்கிரம் அடங்குவதும் உண்டு.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நாங்க வளக்கலையா?’ என்கிறீர்கள். வளர்த்தீர்கள். அப்போது வீட்டில் ஆட்டுவதற்கு நாலு கை இருந்தது. நாத்தனார், கொழுந்தன், பக்கத்து வீட்டுக் கிழவி. இப்போது உங்கள் மருமகள் ஒருத்தி கை. அவளுக்கு மருந்தடிக்கிற வேலை கொடுத்திருந்தால் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்.எஸ்.பி.ஓ. சான்று வாங்கிய தோட்டங்களில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் மருந்தடிக்கிற வேலை கொடுக்கக் கூடாது என்பது விதி. மண்டோரிடம் சொல்லி வேறு வேலைக்கு மாற்றச் சொல்லலாம்.

கடைசியாக ஆயா. தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் பற்றி 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டத்தில் (சட்டம் 446) விதி இருக்கிறது. காப்பகமோ, சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற அம்மாவோ, வேலைக்குப் போகிற முதல் நாளே பேசிவிடுங்கள். “ராத்திரியில பாயில படுக்கப் பழக்குறோம்மா, தூங்கிக்கிட்டே கிடத்தாம, கண்ணு சொருகும்போதே கிடத்துங்க” என்று சொல்லுங்கள். “எட்டுப் பிள்ளைங்கள வச்சிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சட்டமா?” என்று அவர் கேட்டால் சண்டை போடாதீர்கள். அவர் பாடும் நமக்குத் தெரியும். பகலில் ஆயாவிடம் தூளி, இரவில் வீட்டில் பாய் என்று இரண்டுக்கும் பழகிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. அங்கே மருந்து எதுவும் கொடுப்பதில்லை என்பதையும், பிள்ளையை மல்லாக்கத்தான் கிடத்துகிறார்கள் என்பதையும் மட்டும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பெரட்டுக்குப் போங்கள்.